கூப்பனும் கொசுறும்: மாதச் சாமான் செலவைக் குறைக்க மதுரையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழங்காநத்தத்தில் ஐந்து பேர் இருக்கும் வீடு எங்களுடையது. நான், வீட்டுக்காரர், மாமியார், பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள். பதினோரு வருஷமாகச் சாமான் கணக்கை நான்தான் எழுதுகிறேன். தெருவில் புதிதாகக் குடித்தனம் வைத்த பெண்களும், இருபதாம் தேதியே கை காலியாகிவிடுகிறது என்று வருத்தப்படும் தங்கச்சிமாரும் கேட்ட கேள்விகள் இவை. எனக்கு நடந்ததையும் நான் பார்த்ததையும் மட்டும் பதிலாக எழுதியிருக்கிறேன்.

அக்கா, அமெரிக்காவில் கூப்பன் வெட்டி வைத்து வண்டி நிறையச் சாமானை நாலு காசுக்கு வாங்குகிறார்களே, இங்கே ஏன் முடியவில்லை?

அங்கே சோப்பு, சீரியல் தயாரிக்கிற கம்பெனியே ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரோடு கூப்பன் அச்சடித்து அனுப்பும். கடைக்காரர் அதை வாங்கிக்கொண்டு விலையைக் குறைப்பார், குறைத்த பணத்தைக் கம்பெனி அவருக்குத் திருப்பித் தந்துவிடும். கடையும் தன் பங்குக்கு ஒரு கூப்பன் கொடுத்தால், பல இடங்களில் இரண்டையும் ஒரே பொருளுக்குச் சேர்த்துக் கழிக்கலாம். சில பொருள் சும்மா கிடைத்த மாதிரி ஆவது இதனால்தான்.

நம்மிடம் அந்த ஏற்பாடு இல்லை. நமக்கு எம்ஆர்பி இருக்கிறது. அதற்கு மேல் விற்கக்கூடாது என்ற உச்ச வரம்பு அது, ஊரில் அந்தச் சாமான் விற்கிற விலை அல்ல. ஒரு கணக்குக்குச் சொல்கிறேன். துவரம்பருப்புப் பாக்கெட்டில் 240 என்று அச்சிட்டு 165க்குக் கொடுத்துவிட்டு, பில்லின் அடியில் ‘உங்கள் மிச்சம் 75 ரூபாய்’ என்று போடுவார்கள். அதே தரப் பருப்பு மொத்தக் கடைகள் இருக்கும் கீழமாசி வீதியில் 150க்குக் கிடைக்கிறது என்றால் மிச்சம் எங்கே இருக்கிறது? பதினைந்து ரூபாய் கூடக் கொடுத்திருக்கிறோம்.

ஆப்பில் வரும் கூப்பன் கோடு, சூப்பர் மார்க்கெட் பாயிண்ட், ஆபீசில் தரும் சாப்பாட்டு கார்டு, இவைதான் நம் ஊர்க் கூப்பன்கள். இவற்றால் செலவு கொஞ்சம் குறையும், பாதியாகக் குறையாது. பெரிய மிச்சம் வாங்கும் இடத்திலும் வாங்கும் மாதத்திலும் இருக்கிறது.

சரி, எதிலிருந்து ஆரம்பிப்பது?

ஒரு நாற்பது பக்க நோட்டிலிருந்து. இதைத்தான் எல்லாருக்கும் முதலில் சொல்கிறேன், இதைத்தான் எல்லாரும் கடைசியில் செய்கிறார்கள்.

ஒரு பக்கத்துக்கு ஒரு சாமான். மேலே ‘உளுந்து’ என்று எழுதுங்கள். கீழே தேதி, கடை, எடை, கொடுத்த விலை, கடைசியாகக் கிலோவுக்கு என்ன விழுந்தது என்று நாலைந்து கட்டம். எல்லாச் சாமானுக்கும் வேண்டாம். அரிசி, துவரை, உளுந்து, எண்ணெய், சீனி, புளி, மிளகாய் வத்தல், டீத்தூள், சோப்பு, சோப்புத்தூள் என்று அடிக்கடி வாங்குகிற பதினைந்து போதும். மூன்று மாதம் எழுதினால் உங்கள் வீட்டு விலை உங்களுக்கே மனப்பாடம் ஆகிவிடும். அதற்கப்புறம் கடையில் எத்தனை சிவப்பு அட்டை தொங்கினாலும் கண் அந்தக் கடைசிக் கட்டத்தைத்தான் தேடும்.

கிலோ விலைக்கு மாற்றத் தெரியாமல் பெரிய பாக்கெட்டை எடுத்து வருகிறவர்கள் அதிகம். 500 கிராம் 84 ரூபாய், 200 கிராம் 30 ரூபாய் என்று வையுங்கள். பெரியதில் நூறு கிராம் 16 ரூபாய் 80 காசு, சின்னதில் 15 ரூபாய். சின்னதுதான் மலிவு. ஷாம்பு சாஷேயைப் பல தடவை பாட்டிலோடு ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறேன், சாஷேயே குறைவாக வந்திருக்கிறது. இப்போது பாக்கெட்டுகளில் எம்ஆர்பிக்குப் பக்கத்திலேயே ஒரு கிராம் என்ன விலை, ஒரு மில்லி என்ன விலை என்றும் பொடி எழுத்தில் அச்சடிக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. மாமியாருக்கு அந்த எழுத்து தெரியாது, அதனால் பிள்ளைகளை வாசிக்கச் சொல்வேன். சின்னவனுக்கு இப்போது தசமக் கணக்கு நன்றாக வருகிறது.

2025 செப்டம்பர் 22லிருந்து குளியல் சோப்பு, ஷாம்பு, பற்பசை, பிஸ்கட் ஆகியவற்றுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தது. நெய்க்கு 12லிருந்து 5. அன்று என் நோட்டில் அந்தப் பக்கங்களில் குறுக்கே கோடு போட்டுவிட்டுப் புதிதாக எழுத ஆரம்பித்தேன். நீங்களும் பழைய விலையை மனதில் வைத்துக்கொண்டு ‘ஆஹா, குறைவு’ என்று ஏமாற வேண்டாம்.

எண்ணெய் பாக்கெட் எல்லாம் ஒரே அளவுதானே? விலை குறைந்ததை எடுத்தால் சரிதானே?

இல்லை. போன வருஷம் ஒரு சலுகையில் இரண்டு சூரியகாந்தி பாக்கெட் வாங்கி வந்தேன். வழக்கமாக வாங்குவதைவிடப் பாக்கெட்டுக்கு ஆறு ரூபாய் குறைவு. டின்னில் ஊற்றும்போது வழக்கமான கோட்டுக்கு ஒரு விரல் கீழேயே நின்றுவிட்டது. சிந்திவிட்டேனோ என்று மேடையைப் பார்த்தேன், ஒரு சொட்டு இல்லை. கவரை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் 850 கிராம் என்று இருக்கிறது. ஒரு லிட்டர் எண்ணெய் ஏறக்குறைய 910 கிராம் எடை வரும். அறுபது கிராம் குறைவு. நோட்டில் கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்த ஆறு ரூபாயும் அதிலேயே போய், மேலும் கொஞ்சம் போயிருந்தது.

முன்பு எண்ணெய், பிஸ்கட், டீத்தூளுக்கெல்லாம் இன்ன அளவில்தான் பாக்கெட் போட வேண்டும் என்று விதி இருந்தது. அதை எடுத்துவிட்டார்கள். இப்போது எந்த எடையிலும் போடலாம், எடையைச் சரியாக அச்சடித்திருந்தால் போதும். அதனால் எண்ணெயைப் பாக்கெட் கணக்கில் பார்க்காதீர்கள், கிராம் கணக்கில் பாருங்கள்.

கடலை எண்ணெய் வேண்டும் என்பவர்கள் நிலக்கடலைப் பருப்பு வாங்கிக் காயவைத்துச் செக்கில் கொடுத்து ஆட்டிக்கொள்ளலாம். இரண்டரைக் கிலோ பருப்புக்கு ஒரு லிட்டர் அளவில் வரும். பருப்பு விலையும் கூலியும் சேர்த்தால் பாக்கெட்டைவிட மலிவு என்று சொல்ல மாட்டேன். சுத்தத்துக்காகச் செய்யலாம். புண்ணாக்கை விட்டுவிடாமல் கேட்டு வாங்குங்கள், மாடு வைத்திருப்பவர்கள் காசு கொடுத்து வாங்கிக்கொள்வார்கள்.

ஆப்பில் ‘முதல் ஆர்டருக்கு 150 தள்ளுபடி’ என்று வருகிறதே?

தாராளமாக எடுங்கள், ஆனால் லிஸ்ட்டை எழுதி முடித்த பிறகு ஆப்பைத் திறங்கள். 600 ரூபாய்க்கு மேல் வாங்கினால்தான் கூப்பன் விழும் என்பார்கள், நம்மிடம் 430க்குத்தான் தேவை இருக்கும், மிச்சம் 170க்குச் சிப்ஸும் சாக்லேட்டும் உள்ளே வந்துவிடும். டெலிவரிக்கு ஒன்று, கையாளும் கட்டணம் ஒன்று, சின்ன ஆர்டர் என்று இன்னொன்று எனக் கடைசிப் பக்கத்தில் ஏறும் தொகையையும் சேர்த்துத்தான் நோட்டு விலையோடு ஒப்பிட வேண்டும். நான் இந்த மாதிரிக் கூப்பனை எண்ணெய், சோப்புத்தூள், பாத்திரம் கழுவும் சோப்பு ஆகியவற்றுக்கு மட்டும் வைத்துக்கொள்கிறேன். கெட்டுப்போகாது, தூக்கிக்கொண்டு வருவதும் கஷ்டம்.

ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்?

தேதியைப் பாருங்கள். ஒரு பெரிய கடையில் ஓட்ஸ் இரண்டு பாக்கெட் அப்படி வாங்கினேன், இரண்டாவதற்கு இருபது நாள்தான் மீதி இருந்தது. எங்கள் வீட்டில் ஒரு பாக்கெட் தீரவே இரண்டு மாதம் ஆகும். இலவசமாக வந்ததை எறும்புதான் தின்றது. வீட்டில் தேதிக்குள் தீர்ந்துவிடும் என்றால் எடுங்கள். சோப்பு, பற்பசை என்றால் யோசிக்கவே வேண்டாம், நோட்டு விலையில் பாதி விழுந்தால் ஆறு மாதத்துக்கு வாங்கி வைக்கலாம்.

மதுரையில் எந்தச் சாமானை எங்கே வாங்குவது?

பருப்பு வகை, வத்தல், மல்லி, சீரகம், மிளகு, புளிக்குக் கீழமாசி வீதி. தேர்முட்டியைச் சுற்றி மொத்தக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. மூட்டையாக வாங்கினால்தான் தருவார்கள் என்று பலரும் பயந்துகொண்டு போவதே இல்லை. பல கடைகளில் ஐந்து கிலோ, ஏன், இரண்டு கிலோ கேட்டாலும் நிறுத்துத் தருகிறார்கள். வெளியே சாக்கில் வைத்திருக்கும் பருப்பைக் கையில் அள்ளிப் பாருங்கள். தூசி ஒட்டினால், உடைசல் அதிகம் தெரிந்தால் அடுத்த கடைக்குப் போங்கள். காலை பத்து மணிக்குள் போனால் நின்று பேச நேரம் இருக்கும். மதியத்துக்கு மேல் லோடு ஏற்றும் வண்டிகளுக்கு நடுவில் நிற்கக்கூட இடம் இருக்காது.

வெங்காயத்துக்குக் கீழமாரட் வீதி. அங்கே மூட்டைக் கணக்கு. நாங்கள் நாலு வீடு சேர்ந்து ஒரு மூட்டை எடுத்து, எங்கள் வாசலில் பேப்பர் விரித்துப் பங்கு போட்டுக்கொள்கிறோம். மழைக்காலத்தில் மூட்டை எடுக்க மாட்டோம், அடியில் இருப்பது அழுகிவிடும்.

காய்கறி விசேஷ வீட்டுக்கு மொத்தமாக வேண்டும் என்றால் மாட்டுத்தாவணி. வீட்டுச் செலவுக்கு அவ்வளவு தூரம் வேண்டாம், பக்கத்து உழவர் சந்தை போதும்.

போய்வரும் செலவையும் விலையில் சேர்க்க வேண்டும். ஆட்டோவுக்கு 120 கொடுத்துப் பருப்பில் 80 மிச்சம் பிடித்தால் அது மிச்சமா? சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021லிருந்து டிக்கெட் இல்லை. பெரியார் பஸ் ஸ்டாண்டில் இறங்கிக் கீழமாசி வீதிக்கு நடந்துவிடலாம். வரும்போது சுமை இருக்கும் என்பதால் நான் மாமியாரை அழைத்துப் போவதில்லை, பக்கத்து வீட்டு மதினியோடு போகிறேன். ஆளுக்கு இரண்டு மஞ்சப்பை. பைக்காகத் தனியாகக் காசு கொடுக்க வேண்டியதில்லை.

உழவர் சந்தைக்கு எத்தனை மணிக்குப் போனால் நல்லது?

தரம் வேண்டும் என்றால் ஆறு மணி, விலை வேண்டும் என்றால் ஒன்பதுக்கு மேல். காலையில் போர்டில் எழுதும் விலை மொத்த விலையைவிடக் கூடவும் வெளிக்கடை விலையைவிடக் குறைவாகவும் வைக்கப்படுவது. விவசாயியே நேராக விற்பதால் நடுவில் ஆள் இல்லை. தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தையே நம் அண்ணா நகரில்தான், 1999 நவம்பர் 14 அன்று தொடங்கியது. சொக்கிகுளத்திலும் எங்கள் பழங்காநத்தத்திலும் இருக்கிறது.

ஒன்பது மணிக்கு மேல் கீரைக்காரம்மாக்கள் வீட்டுக்குப் போகத் தயாராவார்கள். கீரை மறுநாளைக்குத் தாங்காது என்பதால் இரண்டு கட்டுக் காசுக்கு மூன்று கட்டு தருவார்கள். கொசுறாகக் கறிவேப்பிலையும் மல்லித்தழையும் கேட்டு வாங்கலாம். ஆனால் இரண்டு ரூபாய்க்காக அவர்களோடு மல்லுக்கு நிற்காதீர்கள். விடிய முன்னே எழுந்து மேலூர்ப் பக்கமிருந்தும் திருமங்கலம் பக்கமிருந்தும் சுமந்துகொண்டு வருகிறார்கள். நம் சிக்கனம் அவர்கள் வயிற்றில் கைவைப்பதாக இருக்கக்கூடாது என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

சாயங்காலம் தெருவோரத்தில் தக்காளி, கத்தரி, வாழைக்காயைக் கூறு கட்டி வைப்பார்கள். கூறு வாங்கும்போது அடியில் இருப்பதைத் திருப்பிப் பாருங்கள். அன்றைக்கே தொக்கு கிண்டப் போகிறீர்கள் என்றால் பழுத்த தக்காளிக் கூறு நல்ல வாய்ப்பு.

முகூர்த்த நாளுக்கு முந்தின இரண்டு நாள் காய் வாங்காதீர்கள், விலை ஏறியிருக்கும். காலண்டரில் பார்த்துவிட்டு அந்த நாட்களில் நாங்கள் பருப்புத் துவையல், மோர்க்குழம்பு, வத்தக்குழம்பு என்று ஓட்டிவிடுவோம். முருங்கைக்காய் மழைக்காலத்தில் ஆனை விலை விற்கும். பங்குனி, சித்திரையில் கொத்துக்கொத்தாக வரும், அப்போது சாப்பிட்டுக்கொள்ளலாம்.

ரேஷன் சாமான் வாங்கக் கூச்சமாக இருக்கிறது. வேலைக்காரம்மாவுக்குக் கொடுத்துவிடலாமா?

கூச்சப்பட ஒன்றுமில்லை. துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25, சீனி கிலோ 25, அரிசி விலையில்லாமல். பருப்பையும் எண்ணெயையும் மட்டும் வெளி விலையோடு வைத்துப் பாருங்கள். எந்தக் கூப்பனும் இந்த அளவுக்குத் தராது. அரிசி எத்தனை கிலோ என்பது அட்டையின் வகையையும் வீட்டு ஆள் கணக்கையும் பொறுத்தது. சாதத்துக்குப் பிடிக்கவில்லை என்றால் புழுங்கல் அரிசியை இட்லிக்குப் போடுங்கள். நான் பாதி ரேஷன் அரிசி, பாதி கடை இட்லி அரிசி, நாலுக்கு ஒன்று உளுந்து போட்டு அரைக்கிறேன். விருந்தாளிகள் யாரும் இதுவரை வித்தியாசம் சொன்னதில்லை. தோசை முறுகலாகவே வருகிறது.

அரிசியில் வெள்ளையாக, லேசாக நிறம் மாறிச் சில மணிகள் தெரியும். தண்ணீரில் மிதக்கும். அதைப் பிளாஸ்டிக் அரிசி என்று சொல்லிப் பொறுக்கி எறிகிறார்கள். எறியாதீர்கள். அது செறிவூட்டிய அரிசி. இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்து அரிசி மாவிலேயே செய்து, நூறு கிலோவுக்கு ஒரு கிலோ என்று கலந்தது. வளர்கிற பெண்பிள்ளை உள்ள வீட்டில் அதுதான் முக்கியமாகச் சாப்பிட வேண்டியது.

வேண்டாத பொருளை வாங்கி வெளியில் விற்பது குற்றம். சாமான் வரவில்லை, எடை குறைகிறது என்றால் 1967க்குப் போன் செய்யலாம்.

அரிசி மூட்டை ஏன் 26 கிலோ இருக்கிறது?

2022 ஜூலை 18லிருந்து 25 கிலோ வரை உள்ள, பேக் செய்து லேபிள் ஒட்டிய அரிசிக்கும் பருப்புக்கும் 5 சதவீத ஜிஎஸ்டி உண்டு. அதற்கு மேல் போனால் இல்லை. ஒரு கிலோ கூடப் போட்டு மில்காரர்கள் அந்த வரியைத் தவிர்க்கிறார்கள். சாக்கிலிருந்து அள்ளி நிறுத்துத் தரும் பருப்புக்கும் வரி இல்லை. 25 கிலோ மூட்டையையும் 26 கிலோ மூட்டையையும் மூட்டை விலையில் ஒப்பிடாமல் கிலோ விலையில் ஒப்பிடுங்கள்.

வருஷத்துக்கு வாங்கி வைப்பதெல்லாம் இந்தக் காலத்தில் சரிப்படுமா?

எல்லாம் சரிப்படாது. வத்தல், மல்லி, புளி மூன்றுக்கு மட்டும் சரிப்படும். ராமநாதபுரம் குண்டு வத்தலும் சாத்தூர், விருதுநகர்ப் பக்கத்து வத்தலும் மல்லியும் தை கடைசியில் தொடங்கிப் பங்குனி வரை புதுச்சரக்காக வந்து இறங்கும். புளியும் மாசி, பங்குனியில்தான் புதிது. அப்போது நிறமும் காரமும் நன்றாக இருக்கும், விலையும் வருஷத்தின் மற்ற மாதங்களைவிடப் பெரும்பாலும் இறங்கியிருக்கும்.

வத்தலை மொட்டை மாடியில் மூன்று வெயில் போடுங்கள். கையில் எடுத்து ஆட்டினால் உள்ளே விதை கலகலவென்று சத்தம் கேட்க வேண்டும். அந்தச் சத்தம் வராமல் டின்னில் அடைத்தால் ஆடிக்குள் பூஞ்சை பிடித்துவிடும். புளியைக் கொட்டை, நார் எடுத்து, கல் உப்புத் தூவி மண் பானையிலோ ஜாடியிலோ அடுக்குங்கள். பித்தளையும் அலுமினியமும் ஆகாது.

துவரை, உளுந்தை வருஷத்துக்கு வாங்கச் சொல்ல மாட்டேன். வண்டு வரும். இரண்டு மாதத்துக்குப் போதும், டப்பாவில் நாலு வத்தலைப் போட்டு வையுங்கள்.

தீபாவளிச் சீட்டுக் கட்டலாமா? எண்ணெய், பருப்பு, பலகாரம், பட்டாசு எல்லாம் சேர்த்துத் தருகிறார்களாம்.

என் அம்மா கட்டினார். மாதம் 200 ரூபாய், பன்னிரண்டு மாதம். கடைசித் தவணையும் கட்டிவிட்டுப் பை எடுத்துக்கொண்டு போனால் அந்தக் கடைக்குப் பூட்டுத் தொங்கியது. வாசலில் நூறு பெண்கள் அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அந்த வருஷம் அம்மா எங்களுக்கு அதிரசம் சுடவில்லை, உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டார். காரணம் எங்களுக்குப் பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது.

ஒழுங்காகத் தருகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் வாங்கிய பணத்துக்கு எந்தப் பதிவும் இல்லாத இடத்தில் கட்ட வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்கிறேன். அதே 200 ரூபாயை மகளிர் குழுச் சேமிப்பிலோ அஞ்சலகக் கணக்கிலோ போட்டு வைத்தால், ஐப்பசியில் நாமே கீழமாசி வீதிக்குப் போய் நமக்கு வேண்டியதை மட்டும் வாங்கலாம்.

அண்ணாச்சி கடையில் விலை கூட இருக்கிறது. நிறுத்திவிடலாமா?

வேண்டாம். சில பொருளுக்கு இரண்டு மூன்று ரூபாய் கூட இருக்கலாம். ஆனால் 50 கிராம் கடுகும் அஞ்சு ரூபாய்க்குப் பொரிகடலையும் அங்கேதான் கிடைக்கும். தேவைக்கு மட்டும் வாங்குவதே ஒரு சிக்கனம். 2020 ஊரடங்கில் எங்கள் வீட்டுக்காரருக்கு இரண்டு மாதம் சம்பளம் இல்லாதபோது எங்கள் தெரு அண்ணாச்சி நோட்டில் எழுதிக்கொண்டு சாமான் கொடுத்தார், ஒரு பைசா வட்டி கேட்கவில்லை. கணக்கு நோட்டில் வாங்குகிறவர்கள் சிட்டையை அன்றன்றைக்கே சரிபார்த்துவிடுங்கள், மாதக் கடைசியில் யாருக்கும் நினைவிருக்காது.

எம்ஆர்பிக்கு மேல் கேட்டால்?

கொடுக்க வேண்டாம். கூலிங் சார்ஜ் என்று தனியாகக் கேட்பதும் செல்லாது. பில் வாங்கிக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் பேசுங்கள். தராசு எந்தக் கடையானாலும், சாமான் வைப்பதற்கு முன் பூஜ்யம் காட்டுகிறதா என்று ஒரு தடவை பாருங்கள்.

இதெல்லாம் செய்கிறேன், மிச்சம் என்று சொல்கிற பணம் கையில் தங்கவே இல்லையே?

எடுத்து வைக்கவில்லை என்றால் தங்காது. பில்லில் மிச்சமானது சாயங்காலம் பூரிக்கும் பஜ்ஜிக்கும் போய்விடும். சாமான் வாங்கிவந்த அன்றே, நோட்டு விலைக்கும் கொடுத்த விலைக்கும் உள்ள வித்தியாசத்தைக் கூட்டி, அந்தத் தொகையைப் பர்ஸிலிருந்து எடுத்துவிடுவேன். எங்கள் வீட்டில் அதற்கு ஒரு பழைய போர்ன்விட்டா டப்பா, அரிசி டின்னுக்குப் பின்னால் இருக்கும். பெரியவள் ஒவ்வொரு தடவையும் துண்டுச்சீட்டில் தேதியும் தொகையும் எழுதி உள்ளே போடுவாள். மாசி மாதம் அதைத் திறந்துதான் வத்தலும் மல்லியும் புளியும் வாங்குகிறோம், சம்பளத்தைத் தொடுவதில்லை. இந்த மாதச் சீட்டில் 340 என்று எழுதியிருக்கிறாள்.